மெர்சி அக்காவின் அறையில் யாரும் முடித்துக் கொடுக்கக் கூடாது

செய்தி வந்தபோது நான் கிளினிக்கில், பேசும்போது மூக்கு வழியாகக் காற்று கசிகிறதா என்று பார்க்க, ஒரு குழந்தையின் மூக்குக்குக் கீழே சின்னக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. மெர்சி அக்காவின் கணவர் சாமுவேல் அண்ணன். வேலை நேரத்தில் கூப்பிடுகிறவர் இல்லை. "வசந்தி, அக்கா போயிட்டாம்மா. தூங்கிட்டுதான் இருந்தா. நான் காபி குடிச்சிட்டு வந்து பாத்தா..." அவ்வளவுதான் சொன்னார். குழந்தையின் அம்மாவிடம், "இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க" என்றேன். குழந்தை சமர்த்தாகச் சொன்னது. என்னால்தான் கண்ணாடியைப் பார்க்க முடியவில்லை.

அக்காவைத் தெரிந்தவர்களுக்கு நான் அறிமுகம் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு: தாம்பரத்தில் பேச்சுப் பயிற்சி கிளினிக் நடத்தியவர். அண்ணத்தில், அதாவது மேல்வாயில், பிளவோடு பிறந்து, ஆபரேஷன் முடிந்த பிள்ளைகள்தான் அவரிடம் அதிகம் வருவார்கள். நான் அவரோடு வேலை பார்த்தவள். பெற்றோருக்கு அவர் விளக்கம் சொல்லும் விதமே தனி. "நாக்கால மேல தடவிப் பாருங்க. முன்னாடி கெட்டியா எலும்பு இருக்கும். பின்னாடி போகப்போக மெத்துனு ஆயிடும், அதுதான் மெல்லண்ணம். அது எழும்பித் தொண்டைச் சுவத்துல ஒட்டினா மூக்குக்குப் போற வழி அடைபடும், ப, த, க எல்லாம் வரும். கீழ இறங்கினா ம, ந, ங. தம்மாத்துண்டு சதை. ஒழுங்கா வேலை செய்யற வரைக்கும் அது இருக்கறதே யாருக்கும் தெரியாது." அம்மாக்கள் எல்லாரும் நாக்கை மடக்கித் தேடுவார்கள். சிலருக்குக் குமட்டும். அக்காவுக்குச் சிரிப்பு தாங்காது.

அவர் அறையில் ஒரே ஒரு சட்டம்தான். குழந்தை திணறும்போது யாரும் வார்த்தையை முடித்துக் கொடுக்கக் கூடாது. நாவலூரில் ஐ.டி. வேலை பார்க்கும் ஒரு அப்பா மகளைக் கூட்டிக்கொண்டு வருவார். பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. ஒருநாள் அவள் "எனக்கு த..." என்று தொடங்கியதுமே "தண்ணியா?" என்று பாட்டிலைத் திறந்துவிட்டார். அக்கா அந்தப் பாட்டிலைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். "சார், நீங்க குடுத்தா அவளுக்குத் தண்ணி கிடைக்கும். காத்திருந்தா பேச்சு கிடைக்கும். எது வேணும்?" எல்லாரும் காத்திருந்தோம். அந்தப் பெண் முகமெல்லாம் சிவக்கச் சொல்லி முடித்தாள். தண்ணீர் இல்லையாம், அடுத்த முறை தம்பியையும் கூட்டிக்கொண்டு வர வேண்டுமாம். அப்பா அசடு வழிந்தார்.

பிறகு ஒரு மழைக்காலம். ஞாயிற்றுக்கிழமை சபையில் வேதம் வாசித்துவிட்டு, மறுநாள் கிளினிக்குக்கு வந்தவர், "வசந்தி, என் குரல் மூக்கு வழியா போகுது, கவனிச்சியா?" என்றார். "சளியா இருக்கும்க்கா" என்றேன். "சளின்னா மூக்கடைக்கும். இது கதவு சாத்தாமக் கிடக்கு" என்று கண்ணாடியைத் தன் மூக்குக்குக் கீழே பிடித்து, "அப்பா பூ பறித்தார்" என்றார். மூக்கில் ஒலிக்கும் எழுத்து ஒன்றுகூட இல்லாத வாக்கியம் அது. கண்ணாடி தெளிவாக இருந்திருக்க வேண்டும். ஆவி படர்ந்தது. வாயைத் திறந்து, நாக்கை அசைக்காமல் வைத்துப் பார்த்தார். அதன் ஓரம் தானாகவே துடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் துடைத்து வைத்துவிட்டு, அடுத்த குழந்தையைக் கூப்பிடச் சொன்னார். நரம்பு டாக்டர் பிற்பாடு சொன்னதை அவர் அன்றே தெரிந்துகொண்டுவிட்டார். தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகிற நோய். அவருக்கு அது தொண்டையில் தொடங்கியிருந்தது.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அந்தத் தசையின் பெயர் தெரியும், அதற்குப் போகும் நரம்பின் பெயர் தெரியும், அது மண்டையோட்டில் எந்தத் துளை வழியாக வெளியே வருகிறது என்றுகூடத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

சாமுவேல் அண்ணன் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலிருந்து பை நிறைய பலூன் வாங்கி வந்தார். ஊதினால் தொண்டைக்குப் பலம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பலூனோடு வரும் பெற்றோரை அக்கா விரட்டுவது எனக்குத் தெரியும். "ஊதி ஊதிப் பழகினா ஊதத்தான் வரும், பேச்சு வராது" என்பார். அன்று அவரே ஒரு பலூனை வாங்கி ஊதினார். காற்றெல்லாம் மூக்கு வழியாகப் போனது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினார். கொஞ்சம் பெரிதானது. அண்ணன் கைதட்டினார். எனக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை. "அவருக்கும் ஏதாவது செஞ்சோம்னு இருக்கணும்ல" என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னார். அதைச் சொல்லி முடிக்கவே வெகு நேரம் ஆயிற்று.

அக்காவின் செம்பாக்கம் வீட்டிலும் அந்தச் சட்டம் வந்துவிட்டது. அண்ணன் வார்த்தையை எடுத்துக் கொடுத்தால் அக்கா கையை ஓங்குவார். "என் வார்த்தைய நான்தான் சொல்லுவேன்." சாப்பாடு குழாயில் இறங்கினாலும் சரி, தன் சொல் தன் வாயிலிருந்து வர வேண்டும். அவர் கேட்டது அது ஒன்றுதான். பிள்ளைகளுக்குப் பேசப் பேசப் பேச்சு தேறும். இந்த நோயிலோ பேசப் பேசத் தசை சோர்ந்துதான் போகும். எங்கள் இருவருக்குமே அது தெரியும். ஆனாலும் அவர் விடவில்லை, நானும் காத்திருந்தேன். ஒரு வாக்கியம் முடிவதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிடும்.

கடைசியாக நான் போனது ஒரு மதிய நேரம். "வசந்தி, நீ" என்றார். பழகிய காதுக்கு மட்டுமே புரியும் ஒலி. அதற்கு மேல் வரவில்லை. வழக்கம்போலக் காத்திருந்தேன். அவருக்கு மூச்சு வாங்கியது. எழுத்தைத் தொட்டுக் காட்டும் அட்டையை நீட்டினேன், பார்வையைத் திருப்பிக்கொண்டார். பிறகு கையை மெல்லத் தூக்கித் தன் தொண்டையைத் தொட்டார், என் வாயைத் தொட்டார். நீயே முடி என்கிறார். அவர் அப்படிக் கேட்டதே இல்லை.

ஆமென்றால் கண்ணை மூடித் திறப்பார். "நான் கிளினிக்கை விட்டுடக் கூடாதா?" என்றேன். கண் அப்படியே இருந்தது. "அண்ணனைப் பாத்துக்கணுமா?" இல்லை. "அழக் கூடாதா? சாப்பிட்டேனான்னு கேக்கறீங்களா?" அதுவும் இல்லை. அண்ணனும் பக்கத்தில் வந்து தனக்குத் தோன்றியதையெல்லாம் சொல்லிப் பார்த்தார். கடைசியில் அக்கா என் கையைத் தட்டிக்கொடுத்தார். ஆறுதல் சொல்லப் போனவளுக்கு அவர்தான் ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

அடக்கத்துக்கு வந்தவர்களில் ஒரு அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எம் பொண்ணு இப்போ கல்யாண வூட்ல மைக்க புடிச்சுகினு பேசுது மேடம். எல்லாம் இவங்க குடுத்த வாயி." அவரிடம் பேசப் பழகிய உங்கள் ஒவ்வொருவரிடமும் அக்கா கொடுத்த பேச்சு முழுதாக இருக்கிறது. என்னிடம் இருப்பது "வசந்தி, நீ" மட்டும்தான். ரயிலிலும் அடுப்படியிலும் அதை ஏதேதோ சொல்லி முடித்துப் பார்க்கிறேன். என்றாவது ஒருநாள் சரியானதையே சொல்லிவிட்டாலும், ஆமென்று கண்ணை மூடித் திறக்க அக்கா இல்லை.