நாலு மணிக்குள் கொடுக்க வேண்டிய பாஸ்போர்ட்

எனக்கு எழுபத்தாறு வயது. பிள்ளைகள் ஐந்து பேரையும், செத்துப்போன தங்கச்சியின் இரண்டு பேரையும் நான்தான் வளர்த்தேன். ஏழு பேரில் ஒருவரையும் எங்கே, யாரோடு என்று கேட்காமல் வெளியே விட்டதில்லை. அதனால்தான் போன வியாழக்கிழமை பேத்தி யமுனாவோடு நானும் புறப்பட்டேன்.

யமுனா பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். வெளிநாட்டிலிருந்து புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அங்கே மூத்த மாணவர் ஒருவரைத் துணைக்குப் போடுகிறார்கள். அதற்குப் பெயர் ‘பட்டி’, இங்கிலீஷில் கூட்டாளி என்று அர்த்தமாம். வருகிறவரை ஸ்டேஷனில் போய்க் கூட்டிவர வேண்டும். ஹாஸ்டல், பேங்க், சாப்பாட்டுக்கடை எல்லாம் காட்ட வேண்டும். சம்பளம் கிடையாதாம், கடைசியில் ஒரு சான்றிதழ் தருவார்களாம். சம்பளமில்லாமல் வேலை வாங்குகிறவர்களை நான் பிறந்த ரப்பர் தோட்டத்திலேயே பார்த்தவள் நான்.

காலை ஒன்பது மணிக்கு எங்கள் ஊர் லகாட்டில் வாடகைக் காடி ஏறினோம். ஈப்போ ரயில் ஸ்டேஷன் பத்து கிலோமீட்டர், காடிக்கூலி பதினாறு வெள்ளி. காடிக்காரத் தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்து, “பாட்டியும் யுனிவர்சிட்டிக்கா? என்னா கோர்ஸ்?” என்றான்.

“வேவு பாக்குற கோர்ஸ்,” என்றேன். அதற்கப்புறம் அவன் சாலையை மட்டுமே பார்த்து ஓட்டினான்.

ஈப்போ ஸ்டேஷன் வெள்ளை வெளேரென்று அரண்மனை மாதிரி நிற்கும். பத்தரை மணி ரயிலில் அந்தப் பெண் வந்து இறங்கினாள். பெயர் துவாரகா, ஊர் இலங்கையில் கிளிநொச்சி. ஒல்லி உடம்பு, தன்னைவிடப் பெரிய பெட்டி. என்னைப் பார்த்ததும் “அம்மம்மா” என்றாள். நான் அதற்கெல்லாம் மயங்கவில்லை. எங்கள் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். அவர் வீட்டில் தண்ணீர் கேட்டால் பின்வாசலுக்கு வரச் சொல்வார்கள். இவளும் அந்த வகையோ என்று ஏற இறங்கப் பார்த்தேன்.

பதினொரு மணிக்கு எதிரே ஒரு கடையில் உட்கார்ந்தோம். பரோட்டா மாதிரி இருக்கும் ரொட்டி சானாய் ஒன்று இரண்டு வெள்ளி. துவாரகா மூன்று தின்றாள். பசி பொய் சொல்லாது, அதனால் கொஞ்சம் இளகினேன். அப்போதுதான் யமுனா பையிலிருந்து பழுப்பு உறை ஒன்றை எடுத்து, பாஸ்போர்ட்டைக் கேட்டாள்.

துவாரகா ரொட்டியை வைத்துவிட்டுக் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

யமுனா பொறுமையாகத்தான் விளக்கினாள். புதுப் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டுகளைப் பட்டிகள் வாங்கி, மாலை நாலு மணிக்குள் பல்கலைக்கழக ஆபீஸில் கொடுக்க வேண்டும். அதில்தான் படிப்பு விசா ஒட்டி வரும். இன்று தவறினால் அடுத்த தொகுதியோடுதான் போகும். அதற்குள் துவாரகாவின் நுழைவு அனுமதி முடிந்துவிடலாம், திரும்பிப் போகச் சொன்னாலும் சொல்வார்கள்.

“நான் குடுக்க மாட்டன் அக்கா,” என்றாள் துவாரகா. “சண்டை முடிஞ்சு முகாமில இருக்கேக்க அம்மாவின்ர அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு போனவை. பிறகு தாறம் எண்டவை. ஏழு வருசம் அம்மா அது இல்லாமல் அலைஞ்சவ.”

என் அப்பாவின் அடையாளக் காகிதங்களையும் பத்திரமாக இருக்கும் என்று அந்தக் கிராணிதான் வாங்கி வைத்தார். கேட்கப் போனபோது காணோம் என்றார்கள். குடியுரிமை இல்லாதவருக்குத் தரும் சிவப்பு அட்டையோடுதான் அப்பா செத்தார்.

“குடுக்காதே,” என்றேன்.

யமுனாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “பாட்டி, எல்லா பட்டியும் இப்படித்தான்லா செய்யிறோம். உங்க பேத்தி நான், என்னையே நம்பலயா?”

“உன்னை நம்புறேன். உன் பையை நம்பல. வாங்கிக்கிட்டேன்னு யாரு கையெழுத்துப் போடுறா?”

அவள் உறையைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். யாரும் போடுவதில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பன்னிரண்டே முக்காலுக்குப் பல்கலைக்கழக வேன் வந்தது. கட்டணம் இல்லை என்றார்கள். அதையும் இரண்டு முறை கேட்டுக்கொண்டேன். முப்பத்திரண்டு கிலோமீட்டர். ரப்பர் மரம் நின்ற இடமெல்லாம் இப்போது எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை. யமுனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். துவாரகா பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

ஹாஸ்டலில் பெட்டியை வைத்துவிட்டு ஆபீஸுக்குப் போகும்போது மணி மூன்று. உறையும் கையுமாகப் பட்டிகள் வரிசை. புதுப் பிள்ளைகள் வெளியே நிற்க வேண்டுமாம். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்தே போய் நின்றோம். கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண், பட்டி மட்டும் வந்தால் போதும் என்றாள். நான் எனக்குத் தெரிந்த மலாயில் ரசீது கேட்டேன். அப்படி ஒரு வழக்கமே இல்லை என்றாள். சரி, வழக்கம் வரும்வரை உட்காருகிறேன் என்று அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மூன்று நாற்பது ஆயிற்று. துவாரகா கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். என் வீம்பால் இந்தப் பெண்ணின் படிப்பு போய்விடுமோ என்று எனக்கே தோன்றியது. எழுந்துவிடலாமா என்று நினைத்த நேரத்தில் யமுனா கவுண்டரில் கையை ஊன்றினாள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தை நகல் எடுத்து, அதில் முத்திரை வைத்துக் கையெழுத்துப் போட்டால் அதுவே ரசீது, மற்றவர்கள் நேரமும் மிச்சம் என்று மலாயில் மடமடவென்று சொன்னாள். அந்தப் பெண் பெருமூச்சு விட்டாள், துவாரகா பிரித்துக் காட்டிய பக்கத்தை நகல் எடுத்தாள், முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. துவாரகா நகலை வாங்கிக்கொண்டு, தன் கையாலேயே பாஸ்போர்ட்டை நீட்டினாள். எங்களுக்குப் பின்னால் நின்ற பட்டி தன் உறையைப் பிரித்து, எனக்கும் நகல் வேண்டும் என்றான். கவுண்டர் பெண் என்னைப் பார்த்த பார்வையை நான் வாங்கிக்கொண்டேன்.

ஐந்தரைக்கு நான் கிளம்பினேன். ஹாஸ்டல் வாசலில் துவாரகா கேட்டாள்: “அது திரும்பி வரும்தானே அம்மம்மா?”

“வரலன்னா நான் வாரேன்,” என்றேன்.

அந்தப் பல்கலைக்கழகம் சுத்தமாக இருக்கிறது, நிழல் இருக்கிறது, பிள்ளைகள் மரியாதையாகப் பேசுகிறார்கள். எங்கள் தோட்டத்து ஆபீஸும் பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. இதைச் சொல்லி முடிக்கும் இன்றைக்கும் பாஸ்போர்ட் வரவில்லை. இரண்டு வாரம் என்றார்கள், இன்று ஆறாவது நாள். நான் சொல்லச் சொல்ல எழுதியவள் யமுனா. அம்மா யமுனா, எழுதினதை எனக்கு முதலிலிருந்து ஒரு தடவை படி. உங்கள் பல்கலைக்கழக ஆபீஸைப் பற்றி நான் சொன்னதில் ஒரு சொல்லையும் விடாமல், நிறுத்தி நிதானமாகப் படி.