கொட்டாஞ்சேனையில் கஜனுக்கு ஒரு வீடு

பயணம் பற்றி எழுதுகிறவர்கள் கடல் கடந்து போய் வந்தவர்கள். நான் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போய் வந்தவன். இடையில் பத்துப் பதினொரு கிலோமீற்றர்தான். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தி, காலி வீதிப் புடைவைக் கடை ஒன்றில் சேலை விரித்துக் காட்டுகிற ஒருவன் எழுத வந்தது பிழையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பிள்ளையைப் போல ஒரு பிள்ளை உள்ள வீடுகளில், இன்னும் அந்தப் பக்கம் போகாதவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் மகன் கஜனுக்கு இருபத்து மூன்று வயது. பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைவு. தானே குளிப்பான், உடுப்பான். கதைப்பது குறைவு, ஆனால் நிறைய விளங்கும். தனியே வீதி கடக்கமாட்டான். வயது கூடியதும் விசேட பாடசாலை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வீடும் பல்கனியும்தான். போன வருடம் எனக்கு நெஞ்சு நோவு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, எங்களுக்குப் பிறகு இவன் எங்கே என்ற கேள்வி என்னோடு கட்டிலில் படுத்திருந்தது. அவனுடைய அக்கா பார்ப்பாள் என்று மனைவி சொல்லுவாள். அக்கா கனடாவில் இருக்கிறாள். மனம் இருக்கிறது, அவனை அங்கே எடுக்க வழிதான் கிடைக்கவில்லை.

கடைக்கு வந்த ஒரு அம்மா கொட்டாஞ்சேனை வீட்டைப் பற்றிச் சொன்னார். பெரியவர்களாகிவிட்ட இப்படியான பிள்ளைகள் மூன்று பேர் அங்கே ஒன்றாக இருக்கிறார்கள் என்றார். தொலைபேசியில் கேட்டேன். மகனையும் கூட்டிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வாருங்கள் என்றார்கள். மனைவி வரவில்லை. தாய் உயிரோடு இருக்கும்போதே பிள்ளைக்கு விடுதி தேடுகிற வீடு இது ஒன்றுதான் என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, சந்தைக்கு முன்னால் புறக்கோட்டை பஸ் ஏறினோம். கஜனுக்குச் சாரதிக்குப் பின்னால் உள்ள இருக்கைதான் வேண்டும். அதில் இருந்த பெண் எழுந்து இடம் கொடுத்தார். கொண்டக்டர் வாசலில் தொங்கிக்கொண்டு 'கொள்ளுப்பிட்டிய, கொட்டுவ, பிட்டகொட்டுவ' என்று சிங்களத்தில் ஊர்ப் பெயர்களைக் கூவ, இவன் உள்ளேயிருந்து அதையே கூவினான். எனக்குத் தலையைக் குனிந்துகொள்ளத்தான் தோன்றியது. கொண்டக்டரோ சிரித்துக்கொண்டு, "மல்லி, ஹெட்ட வெடட்ட என்ன," என்றார். நாளைக்கு வேலைக்கு வரச் சொல்கிறார். கஜன் ஓம் என்று தலையாட்டினான்.

புறக்கோட்டையிலிருந்து ஓட்டோ. மீற்றரில் இருநூற்று எண்பது ரூபா. ஓட்டோக்காரர் ஒரு முஸ்லிம் மனிதர். எந்த ஒழுங்கை என்று நான் தடுமாற, ரிஸ்வான் இருக்கிற வீடா என்று அவரே கேட்டார். அந்தப் பொடியன் தினமும் பின்னேரம் வாசலில் நின்று தனக்கு சலாம் சொல்லுவான் என்றார். பதில் சொல்லாமல் போனால் மறுநாள் கோபமாம்.

பழைய ஓட்டு வீடு. நடத்துபவர் ரீட்டா, வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அங்கே இருக்கிற ஜூட் அவருடைய தம்பி. வயது நாற்பத்தெட்டு. பெற்றோர் வீட்டை ரீட்டாவின் பெயரில் எழுதும்போது, ஜூட்டுக்குச் சீவிய உரித்து வைத்து எழுதியிருக்கிறார்கள். அவர் உயிரோடு இருக்கும்வரை யாரும் அவரை அங்கிருந்து எழுப்ப முடியாது. "எனக்கும் ஏலாது," என்றார் ரீட்டா. "அதனால இவர்தான் வீட்டுக்காரர். நான் சமையல்காரி." ஜூட் மறுக்கவில்லை.

மற்ற இருவர் ரிஸ்வானும் சமனும். அறைகள் துப்புரவு. ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை, அதை மற்றவர் தொடக்கூடாது. ஜூட் கடைக்குப் பாண் வாங்கப் போவார். சமன் துணி மடிப்பார். வாசல் கதவு ரிஸ்வானுடையது. எங்களுக்கும் அவர்தான் திறந்தார். நான் உள்ளே வந்து பழக்கத்தில் கதவைச் சாத்தப் போக, என் கையை விலக்கிவிட்டுத் தானே சாத்தினார்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. சோறு, பருப்பு, கத்தரிக்காய், முள்ளுக் கூடிய ஒரு சின்ன மீன். கஜனுக்கு மீன் என்றால் உயிர். சின்ன வயதிலிருந்து நான்தான் முள்ளு எடுத்து, சோற்றோடு குழைத்து வைப்பேன். இருபது வருடப் பழக்கம், யோசிக்கவே தேவையில்லை. என் கை அவன் சோற்றுக் கோப்பைக்குள் போய்விட்டது. மேசையில் எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.

"அங்கிள்," என்றார் ஜூட். என்னைவிட ஆறு வயதுதான் குறைவு. "கையை எடுங்க. அது அவர் கோப்பை."

ரீட்டா சிரிப்பை அடக்கிக்கொண்டு, இங்கே வருகிற அம்மா அப்பா எல்லாருக்கும் இது நடக்கிறது என்றார். முள்ளுச் சிக்கினால் என்று நான் முணுமுணுத்தேன். ஜூட் தன் மீனைப் பிரித்து நடு முள்ளைத் தூக்கிக் காட்டினார். கஜன் பார்த்தான். விரலால் தடவித் தடவி, ஒவ்வொரு முள்ளாக எடுத்துக் கோப்பை விளிம்பில் வைத்தான். மற்றவர்கள் கை கழுவி வந்த பிறகும் அவன் பாதிதான் சாப்பிட்டிருந்தான். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

சாப்பிட்ட பிறகு, வந்த விஷயத்தைச் சொன்னேன். எங்கள் காலத்துக்குப் பிறகு இவனுக்கு ஒரு இடம் ஒதுக்கி வைப்பீர்களா என்று கேட்டேன்.

"உங்களுக்குப் பொறகு எண்டா எடுக்கமாட்டோம் அண்ணன்," என்றார் ரீட்டா.

எனக்கு முகம் விழுந்துவிட்டது.

"அப்பாவையும் வீட்டையும் ஒரே நாள்ல அவர் இழக்கக் கூடாது. நீங்க இருக்கும்போதே வரட்டும். கோபம் வந்தா உங்களுக்குப் போன் பண்ணட்டும், லீவுக்கு வீட்டுக்கு வரட்டும். அவருக்கு என்ன பயம், என்ன விருப்பம் எண்டு நாங்க கேட்க, பதில் சொல்ல நீங்க இருக்கணும்."

ரிஸ்வானின் தாய் இருந்தபோதே அவர் வந்தாராம். தாய் மௌத்தானபோது அழுதார், பிறகு பின்னேரம் வழமைபோல வாசலுக்குப் போனார் என்றார் ரீட்டா. நான் இத்தனை காலம் எங்கள் சாவுக்குப் பிறகு வருகிற நாளுக்கே இடம் தேடிக்கொண்டிருந்தேன். இவர்கள் அந்த நாளுக்கு முன்னாலிருந்தே தொடங்குகிறார்கள். இதை நான் எங்கும் கேட்டதில்லை.

நாலு மணிக்குப் புறப்பட எழுந்தேன். கஜன் எழும்பவில்லை. சமனுக்குப் பக்கத்தில் இருந்து தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தான். விருப்பமென்றால் இன்று இரவு நிற்கட்டுமே என்றார் ரீட்டா. மாற்று உடுப்பில்லை என்றேன். அதற்குள் ரிஸ்வான் ஒரு சாரத்தோடு வந்து நின்றார்.

வாசலுக்கு வந்து மனைவிக்கு எடுத்தேன். கஜன் இன்று இரவு இங்கே நிற்கலாம் என்கிறார்கள் என்றேன்.

"இஞ்சேருங்கோ, அவன் நிக்கிறன் எண்டவனோ?"

"ஓம். கேட்டனான். தலையாட்டினவன்."

"லைற்றை நிப்பாட்டினால் பயப்பிடுவான். சொல்லிப்போட்டு வாங்கோ."

சொன்னேன். ரீட்டாவிடம் சொன்னதை ஜூட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். தன் அறைக்குப் போய், மேசை விளக்கைக் கழற்றிக் கொண்டுவந்து கஜனுக்கு ஒதுக்கிய கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் போகிறேன் என்று கஜனிடம் சொன்னேன். ஒருதரம் பார்த்துவிட்டு உறையை மடித்தான். கதவை ரிஸ்வான் சாத்தினார்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். பம்பலப்பிட்டியில் என் பக்கத்து இருக்கை காலியானதும் அதில் கையை வைத்து, இருக்க வந்தவரிடம் ஆளிருக்கு என்று சொல்லிவிட்டேன். பிறகு கையை எடுத்து இடம் விட்டேன். எங்கள் தொடர்மாடியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், பெருநாட்களுக்குப் பலகாரம் தருவார்கள். கஜனின் பெயர் மட்டும் அவர்களுக்குத் தெரியாது. எப்போதும் 'தம்பி எப்படி' என்றுதான் கேட்பார்கள். கொட்டாஞ்சேனையில் ஓட்டோக்காரருக்கே ரிஸ்வானைத் தெரிந்திருக்கிறது. கஜனைப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று நாங்கள்தான் அவனை ஒருவருக்கும் தெரியாமல் வைத்திருந்தோம்.

மறுநாள் காலை நானும் மனைவியும் போய்க் கஜனைக் கூட்டி வந்தோம். இரவு இருதரம் எழும்பி என்னைத் தேடினானாம், பிறகு படுத்துவிட்டானாம். வெள்ளிக்கிழமை மறுபடி விடச் சொன்னார் ரீட்டா. கொண்டுவாறம் என்று மனைவி சொன்னாள்.