நடு நாற்காலியில் இருந்தவர்

நடந்தவை இவை:

1. எங்கள் பெண்கள் பள்ளியை இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்திய கன்னியாஸ்திரி, நாங்கள் மதர் என்று அழைத்தவர், மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு இறந்தார்.
2. அடுத்த ஞாயிறே எங்கள் கோவிலைச் சேர்ந்த ஏழு தமிழ்ப் பெரியவர்கள் கூடி ஞாபகார்த்தக் கமிட்டி அமைத்தார்கள்.
3. அந்த ஏழு பேரில் ஐந்து பேர், மதர் உயிரோடு இருந்தபோது அவர்மேல் பிஷப்புக்கு மனு எழுதியவர்கள்.
4. மதரை ஆளுயரப் படமாக வரைந்து, அதற்கென ஒரு மண்டபம் திறப்பது என்று கமிட்டி ஏகமனதாகத் தீர்மானித்தது.
5. மண்டபத்துக்காக அவர்கள் தேர்ந்தெடுத்தது, நான் டைப்பிங் சொல்லிக்கொடுக்கும் அறை.

ஐந்தாவதுதான் என் கவலை. ஆறு இயந்திரங்களையும் மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டு, வேறு இடம் கிடைக்கும்வரை வகுப்பை நிறுத்தச் சொன்னார்கள். பதினோரு பெண்கள் டிசம்பர் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். பரீட்சை எழுதாத பெண்ணுக்கு எந்த ஆபீசிலும் வேலை கிடையாது. வேலை இல்லாவிட்டால் தை மாதத்துக்குள் கல்யாணம் என்று அவர்களில் பலருடைய வீட்டில் முடிவு செய்திருந்தார்கள்.

அந்த வகுப்பை மதர்தான் தொடங்கினார். வக்கீல் ஆபீசுகள் கழித்துக்கட்டிய இயந்திரங்களைக் கேட்டு வாங்கிவந்து, எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்து அவரும் கற்றுக்கொண்டார். எங்களைவிட மெதுவாகத்தான் அடிப்பார். அவர் பிரான்சில் பிறந்தவர். தமிழில் ‘நீ’ என்ற சொல்லை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. முற்றத்துக் கோழியையும் “வாங்க, சாப்பிடுங்க” என்றே அழைப்பார்.

தமிழ்ப் பெண்கள் டைப் அடித்தால் ஆபீஸ் போவார்கள், ஆபீஸ் போனால் கெட்டுப்போவார்கள் என்பதுதான் மனுவின் சாரம். மரியாதைக்காக மனுவை முதலில் மதரிடமே காட்டினார்கள். கையெழுத்துப் பிரதியை பிஷப் படிக்கமாட்டார் என்று சொல்லி, மதர் அதை வாங்கி என்னிடம் கொடுத்தார். நான் டைப் அடித்த முதல் முழுக் காகிதம் அதுதான். ஓரம் சரியாக விடவில்லை என்று இரண்டு தடவை திருப்பி அடிக்கவைத்தார். பிறகு ஐந்து பேரும் அதில் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போனார்கள். பிஷப்பிடமிருந்து பதில் வரவில்லை, வகுப்பும் நிற்கவில்லை.

கமிட்டிக்கும் நான்தான் டைப்பிஸ்ட். அதனால் படம் உருவான கதை எனக்குத் தெரியும். மதர் தனியாகப் போட்டோ எடுத்துக்கொண்டதில்லை. கிடைத்தது பள்ளிப் பிள்ளைகளோடு எடுத்த ஒரே ஒரு குழுப் படம். அதில் ஒன்பது கன்னியாஸ்திரிகள் இருந்தார்கள், எல்லோருக்கும் ஒரே முக்காடு. கமிட்டித் தலைவர் ஒரு கப்பல் கம்பெனியில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. போட்டோ என்றால் நடு நாற்காலியில் துரை இருப்பார் என்பது அவர் அனுபவம். நடு நாற்காலியைச் சுற்றி பென்சிலால் வட்டம் போட்டு, இறந்தவர்களின் படங்களை வரையும் சீன ஓவியரிடம் அனுப்பிவிட்டார்.

படத்தின் கீழே எழுதவேண்டிய வரிகளைக் கொடுக்க ஓவியரின் கடைக்குப் போனபோதுதான் நான் அதைப் பார்த்தேன். சட்டத்துக்குள் இருந்தவர் எங்கள் சலவை சிஸ்டர், எதைச் சொன்னாலும் இந்த ஊர் வழக்கப்படி ‘லா’ போட்டு முடிப்பவர். அவருக்கு முழங்கால் வலி. அதனால் மதர் அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, பிள்ளைகளை வரிசைப்படுத்த காமிராவுக்குப் பின்னால் போய் நின்றிருந்தார்.

நேரே தலைவர் வீட்டுக்குப் போனேன்.

“ஐயா, படத்துல இருக்கறது மதர் இல்ல.”

“நடுவுல உக்காந்திருக்கறது பின்ன யாரும்மா?”

“துணி வெளுக்கற சிஸ்டர். இப்ப தீவுக்கு அந்தப் பக்கம், பாலிக் புலாவ் மடத்துல இருக்காங்க.”

“இருவது வருஷமா மதர்கிட்ட பேசியிருக்கேன். எனக்குத் தெரியாதா?”

“அவங்க முகத்த நேரா பார்த்திருக்கீங்களா, ஐயா?”

எங்கள் சபை ஆண்கள் கன்னியாஸ்திரிகளிடம் பேசும்போது தரையைப் பார்த்தபடிதான் பேசுவார்கள். அதுதான் மரியாதை. மதரின் செருப்பை வரையச் சொல்லியிருந்தால் ஏழு பேரும் தப்பில்லாமல் வரைந்திருப்பார்கள்.

“பத்திரிக்கையெல்லாம் அடிக்கக் குடுத்தாச்சு. நீ போய் விருந்தாளி லிஸ்ட முடி,” என்றார் தலைவர்.

புதிதாக வந்த மதரிடம் சொன்னேன். இறந்தவரைத் தான் பார்த்ததே இல்லை என்றும், கமிட்டிக்குத் தெரியாதது தனக்கு எப்படித் தெரியும் என்றும் கேட்டார்.

எனக்கு மிஞ்சிய வழிகள்:

அ. மறுபடியும் சொல்வது.
ஆ. சும்மா இருப்பது.
இ. விருந்தாளி லிஸ்டை முடிப்பது.

முடித்தேன். கடைசி வரியாக, பாலிக் புலாவ் மடத்துச் சலவை சிஸ்டரைச் சேர்த்தேன்.

திறப்புவிழா அன்று இயந்திரங்கள் படிக்கு அடியில் இருந்தன. என் மாணவிகள் சுவரோரமாக நின்றார்கள். சிஸ்டர் பஸ்ஸில் வந்து, முட்டைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்தார். பெண் கல்விக்குத் தாம் மதரோடு தோளோடு தோள் நின்று உழைத்ததைப் பற்றித் தலைவர் அரை மணி நேரம் பேசினார். பிறகு திரையை விலக்கினார். ரோஜா மாலையும் இரண்டு மெழுகுவர்த்தியுமாகப் படம் தெரிந்தது.

சிஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“அய்யய்யோ, இது நான் லா! நான் இன்னும் சாகல லா!”

முதலில் சிரித்தவர்கள் என் மாணவிகள். தலைவரின் மனைவி சிரிக்கவில்லை. “உசிரோட இருக்கறவங்க படத்துக்கா மாலை போட்டீங்க? கழட்டுங்க மொதல்ல! வெளங்குமா இது?” என்று அவரே போய் மெழுகுவர்த்திகளை ஊதி அணைத்தார்.

தலைவர் செயலாளரைப் பார்த்தார். “தம்பி, இந்தப் போட்டோவ யாரு குடுத்தா?”

“வட்டம் போட்டது நீங்கதானே, அண்ணே.”

“நீ பார்த்துச் சொல்லியிருக்கணும்ல?”

“நான் எங்கண்ணே மதர் மொகத்தப் பார்த்தேன்?”

சிஸ்டர் மட்டும் நிதானமாக இருந்தார். “மாலையக் கழட்டிட்டு படத்த எனக்குக் குடுங்க லா. கோழிக்கூட்டுல மழை அடிக்குது. படத்துப் பலகை நல்லா இருக்கு.”

கொடுக்கக் கமிட்டிக்கு மனமில்லை. ஆனால் உயிரோடு இருப்பவரின் மாலை போட்ட படத்தைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள ஏழு பேரில் ஒருவரும் முன்வரவில்லை. சாயங்கால பஸ்ஸின் கூரையில் படம் போனது.

மறுநாள் காலை நானும் மாணவிகளும் இயந்திரங்களைத் திரும்பத் தூக்கிவந்தோம். வேண்டாம் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

இப்போதைய நிலை இது. மதரின் முகம் தெரியும் போட்டோ கிடைத்ததும் மண்டபம் திறக்கப்படும் என்று கமிட்டி தீர்மானம் போட்டிருக்கிறது. அதையும் நான்தான் டைப் அடித்தேன். போட்டோ இதுவரை கிடைக்கவில்லை. வகுப்பு அதே அறையில் நடக்கிறது. பதினோரு பேரில் ஒன்பது பேர் பரீட்சையில் தேறினார்கள். தேறாத இருவரில் ஒருத்திக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மற்றவள் மறுபடியும் எழுதுகிறாள்.