ரொக்கின் உச்சி

ரொக் இசை ஷோவுக்குப் போனால் நான் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில்தான் நிற்பேன். ஐம்பதை நெருங்கும் ஒரு பெண், யாரோடும் பேசாமல், கடைசிப் பாட்டுவரை அங்கேயே நிற்பதைப் பையன்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். அந்த இடத்துக்காக ஒன்பது வயதிலேயே மலை ஏறியவள் நான்.

அம்மாவின் தம்பி சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்தார். அங்கே கழித்துப் போட்ட ரெக்கோட் பிளேயரையும் நான்கு இசைத்தட்டுகளையும் மாத்தளையில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். லீவில் வந்தால் முதல் வேலை ஊசியை வைப்பது. கிட்டார் அலறும். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விடுவார். அம்மா குசினியில் சமைத்துக்கொண்டே, "யாரைடா போட்டு அடிக்கிறாங்க உள்ள?" என்று கேட்பார்.

மாமா அசரமாட்டார். "இதுதான் ரொக். ரெக்கோட்ல கேட்கிறது பாதிதான் புள்ள. நேர்ல கேட்கணும். நெஞ்சே அதிரும்."

லீவு முடிந்தால், "நாளைக்கு ரொக்குக்குப் போகணும்" என்று பையை அடுக்குவார். வெள்ளைக்காரர்கள் அந்தப் பாறையை 'ரொக்' என்று சொல்லிச் சொல்லி, ஹோட்டலில் எல்லாருக்கும் சீகிரியா மலையின் பெயரே அதுவாகிவிட்டிருந்தது. எனக்கு அது தெரியாது. ரொக் பாடுவது அந்த மலை உச்சியில் என்றும், மாமா தினமும் அங்கே போய்க் கேட்கிறார் என்றும் நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

நான்காம் வகுப்பில் பள்ளிக்கூடச் சுற்றுலா சீகிரியாவுக்கு. பாதி வழியில் இருக்கும் சிங்கப் பாதம்வரை ஏறியதும் டீச்சர் எங்களை நிறுத்தினார். "சின்னவங்க இங்கேயே இருங்க. மேல காத்து பலம். பெரிய வகுப்பு மட்டும் வரட்டும்."

யாராவது பெயரைக் கேட்டாலே தலைகுனிகிறவள் நான். அன்றைக்கு, "நான் ஏறணும் டீச்சர்" என்றேன்.

"அடியே, இவளுக்கும் வாய் இருக்கு!" என்றார் டீச்சர். எல்லாரும் சிரித்தார்கள். நான் இரும்புப் படியின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தேன். இழுத்துப் பார்த்தார்கள், விடவில்லை. கடைசியில் டீச்சர்தான் விட்டுக்கொடுத்தார். "என் கையைப் பிடிச்சுக்கிட்டு வா. கீழ மட்டும் பார்க்காத."

உச்சியில் செங்கல் சுவர்கள் இருந்தன. ஒரு குளம் இருந்தது. கிட்டாரும் இல்லை, டிரம்ஸும் இல்லை. சுவருக்குப் பின்னால் இருப்பார்களோ என்று சுற்றிப் பார்த்தேன். "என்னடி தேடுற?" என்று டீச்சர் கேட்டபோது சொல்ல வாய் வரவில்லை. வந்த வாய் கீழேயே தீர்ந்துபோயிருந்தது.

அடுத்த லீவில் மாமா வந்து ஊசியை வைத்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவ்வளவு தூரம் ஏறிவிட்டு ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு மனமில்லை.

"மாமா, நானும் ரொக்குக்குப் போனேன். நேர்ல கேட்டேன்."

மாமா சிரிக்கப் போனார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. ஊசியைத் தூக்கிவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"எப்படி இருந்துச்சு?"

அதற்குமேல் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏறியபோது ஆனதையே சொன்னேன். "நெஞ்சு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. காது அடைச்சிருச்சு. காலெல்லாம் நடுங்குச்சு."

மாமா, ஊசியில்லாமல் சுற்றும் இசைத்தட்டைப் பார்த்தபடி, "ஆமா. அப்படித்தான் இருக்கும்னு சொல்றாங்க" என்றார்.

யார் சொல்கிறார்கள், மாமா நேரில் கேட்டதே இல்லையா என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மாட்டிக்கொள்ளவில்லை என்ற சந்தோஷத்தில், ஊசியை நானே எடுத்து மறுபடி வைத்தேன்.