பதினோரு நாடித் தாள்கள்

மலாயாவில் யோங் பெங்கிலிருந்து ஆறு மைல் உள்ளே இருந்த புக்கிட் செராய் ரப்பர் தோட்டத்தில் வினிஃப்ரெட்டை எல்லோரும் "வேதக்கார அக்கா" என்றுதான் கூப்பிட்டார்கள். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் கிறிஸ்துவக் குடும்பம் அவளுடையது ஒன்றுதான். கணவன் மலேரியாவில் போனபிறகு அந்தக் குடும்பமும் அவள் ஒருத்தியாகிவிட்டது. முன்பு வெள்ளைக்காரத் துரை பங்களாவில் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்ததால் இங்கிலீஷ் காதில் விழுந்தால் பாதிக்கு மேல் புரியும். தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். அதனால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கொடுத்தார்கள். கட்டு மாற்றுவது, காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பது, தரை கழுவுவது, எல்லாம் அவள்தான்.

1929ஆம் ஆண்டு டாக்டர் ராஜசேகரன் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. சிங்கப்பூரில் படித்தவர். மருந்துப் பெட்டிகளோடு, வைக்கோல் சுற்றிய இன்னொரு மரப்பெட்டியையும் மாட்டுவண்டியிலிருந்து தானே தூக்கி இறக்கினார். உள்ளே சாவி கொடுத்தால் மெல்லச் சுற்றும் ஒரு பித்தளை உருளையும், மணிக்கட்டில் வார் போட்டுக் கட்டுகிற ஒரு சின்னக் கருவியும் இருந்தன. உருளையில் பளபளப்பான தாளைச் சுற்றி, மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் காட்டிக் கறுப்பாக்குவார். கருவியின் ஊசி அந்தக் கரியைக் கீறிக்கொண்டு போகும். நாடி ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் கறுப்பில் ஒரு வெள்ளை மேடு விழும். பிறகு தாளை அரக்குக் கரைசலில் முக்கி எடுத்துக் காயப்போட்டால் கரி அழியாது.

முதல் நாள் ஒரு தவளையின் இதயத்தை எடுத்து உப்புத் தண்ணீரில் வைத்துக் காட்டினார். உடம்பு ஒரு பக்கம் கிடக்க, இதயம் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. வினிஃப்ரெட் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பயப்படாதீங்க, வினிஃப்ரெட். இது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சாத்தான் கெட்டுப்போனா சரிபண்ண முடியும்" என்றார்.

தோட்டத்தில் படித்த மனிதர் யாரும் அதுவரை அவளைப் பேர் சொல்லி, "நீங்க" போட்டுக் கூப்பிட்டதில்லை. அவளுக்கு அது பெரிதாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஆறு ஆடுகள் வாங்கிக் கட்டினார். அவற்றில் மூன்றுக்குக் கழுத்தைக் கீறி உள்ளே இருந்த ஒரு சுரப்பியை எடுத்துவிட்டார். நான்கு மாதத்தில் அந்த மூன்றும் தடித்து, மயிர் சொரசொரத்து, தழையைப் போட்டாலும் எழுந்திருக்க யோசித்தன. மார்பில் ரப்பர் உறை கட்டி உருளையில் எழுத வைத்தால் மேடுகள் தூரம் தூரமாக விழுந்தன. பிறகு கசாப்புக் கடையிலிருந்து அதே சுரப்பியை வாங்கி, உலர்த்திப் பொடியாக்கி, தவிட்டில் கலந்து கொடுக்கச் சொன்னார். வினிஃப்ரெட்தான் கொடுத்தாள். ஒரே மாதத்தில் ஆடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு திரிந்தன.

"பாத்தீங்களா? இதயம் மந்தமா இருக்குன்னா அது கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்ல. காரணம் வேற எங்கயோ இருக்கும். அதைச் சரிபண்ணா திரும்பி வந்துடும்."

அதன்பிறகுதான் மனிதர்கள். படுக்கையில் கால்மணி நேரம் படுக்கவைத்து ஒரு தாள் எடுப்பது. பிறகு ஆஸ்பத்திரிப் படியில் நாற்பது தடவை ஏறி இறங்கச் சொல்லி, உடனே இன்னொன்று. அதன்பின் நிமிடத்துக்கு ஒன்று, நாடி பழையபடி அடங்கும் வரை. நல்ல உடம்புக்கு மூன்று நிமிடம் போதும். சிலருக்கு எட்டு, ஒன்பது ஆனது.

வினிஃப்ரெட்டுக்குக் கை ஆடாது. புகை காட்டினால் திட்டில்லாமல் ஒரே கறுப்பாக வரும். வார் கட்டினால் முதல் தடவையே ஊசி சரியான இடத்தில் உட்காரும். "என் தாளைவிட உங்க தாள் சுத்தமா இருக்கு" என்று டாக்டர் இரண்டு மூன்று தடவை சொன்னார். ஆறு மாதத்தில் முழு வேலையையும் அவளிடமே விட்டுவிட்டார்.

ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த பதின்மூன்று பேரோடு சரி; லயத்தில் ஆட்கள் வர மறுத்தார்கள். பெட்டி உயிரை இழுக்கிறது என்று ஒரு பேச்சு. நாடியை எழுதிக்கொண்டால் ஆயுசும் அதில் போய்விடும் என்று இன்னொன்று. டாக்டர் அவளிடம் வந்தார்.

"நீங்க சொன்னா கேப்பாங்க. இது வைத்தியத்துக்கு மட்டும்தான். யார் கைக்கும் போகாது. என் வார்த்தை."

அந்த வார்த்தையைத்தான் அவள் வீடு வீடாக எடுத்துக்கொண்டு போனாள். முதலில் பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளியிடம் போனாள். இரண்டு வயதில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த பெண் அவள். இருபத்தாறு வயதாகிறது. வினிஃப்ரெட்டின் கணவன் இறந்தபோது ஒரு மாதம் அவளுக்குச் சோறாக்கிப் போட்டவள். சில நாட்களாக வாளியைத் தூக்கினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வலிக்குமா, அக்கா?"

"கைய குடு. வலிச்சா என்னைத் திட்டு."

புஷ்பவள்ளிக்கு ஒன்பது நிமிடம் ஆனது. பதினான்காம் எண். வினிஃப்ரெட் குண்டூசியால் தாளின் ஓரத்தில் அந்த எண்ணைக் கீறினாள். புஷ்பவள்ளி வந்ததைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். ஒரு வருஷத்தில் இருநூற்றுப் பத்துப் பேர்.

தாள்களை அடுக்கி வைக்கும்போது வினிஃப்ரெட் ஒன்றைக் கவனித்தாள். நாடி அடங்க நேரமாகிறவர்களில் பாதிப்பேருக்குக் கண் இமையை விலக்கிப் பார்த்தால் வெளுப்பாக இருந்தது. வயிற்றில் கொக்கிப் புழு. செருப்பில்லாமல் சதுப்பு நிலத்தில் நின்று ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கு வருவதுதான். டாக்டரிடம் சொன்னாள். அவர் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்த்தார்.

"பூச்சி மருந்தும் இரும்பு மருந்தும் குடுத்துப் பாருங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி தாள் எடுங்க."

மருந்து கையில் இருந்தது பதினோரு பேருக்குத்தான். மூன்று மாதம் கழித்துப் பதினோரு பேரும் படியேறி இறங்கினார்கள். புஷ்பவள்ளிக்கு நாலு நிமிடம். மற்றவர்களுக்கும் ஏறக்குறைய அப்படியே. அன்றைக்கு வினிஃப்ரெட் தன் வாழ்க்கையில் முதல்தடவையாகத் தான் ஒரு காரியம் செய்திருப்பதாக நினைத்தாள்.

அது 1931. ரப்பர் விலை விழுந்துகொண்டே இருந்த நேரம். பக்கத்துத் தோட்டங்களில் பாதி மரங்களில் பால் வெட்டாமல் விட்டுவிட்டார்கள். ஒரு நாள் டாக்டர் அவளைக் கூப்பிட்டார்.

"நாடி அடங்க நேரமாகிறவங்க பேரையெல்லாம் தமிழ்ல எழுதிக் குடுங்க. ரொம்ப மோசமானவங்க முதல்ல. முதல் தாளை மட்டும் வெச்சு எழுதுங்க."

"இதுல பதினோரு பேர் தேறிட்டாங்களே, ஐயா?"

"ரெண்டாவது தாள் எல்லாருக்கும் எடுக்கலையே. ஒரே மாதிரி இருக்கணும். மருந்து வரவழைக்கத்தான்."

மருந்துக்கு என்றதும் அவள் உட்கார்ந்து அழகாக எழுதினாள். நாற்பத்திரண்டு பேர். புஷ்பவள்ளி மூன்றாவதாக இருந்தாள்.

பத்து நாள் கழித்து, ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் எல்லோரும் வரிசையாக நிற்க, ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி ஜெயபாலன் ஒரு தாளைப் பிரித்தார். ஆஸ்பத்திரி வாளியோடு அந்தப் பக்கம் போன வினிஃப்ரெட் நின்றாள். கம்பெனி ஆட்களைக் குறைக்கச் சொல்லியிருக்கிறது, பேர் வாசிக்கப்படுகிறவர்கள் அடுத்த வியாழக்கிழமை சிங்கப்பூர் போய் ஊருக்குக் கப்பலேற வேண்டும் என்றார் கிராணி. வாசிக்க ஆரம்பித்தார். முதல் பேர். இரண்டாவது பேர்.

"புஷ்பவள்ளி, வீரமுத்து சம்சாரம்."

அடுத்தது யார் என்று வினிஃப்ரெட்டுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கடுத்ததும் தெரிந்தது. கிராணி கையில் இருந்த தாளின் ஓரத்தில் அவள் போட்டிருந்த நீல மைக் கோடுகூடத் தெரிந்தது. வாளியை அங்கேயே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

டாக்டர் முகம் மழித்துக்கொண்டிருந்தார்.

"யார் கைக்கும் போகாதுன்னீங்களே?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "துரை கேட்டார். எப்படியும் நாப்பது பேரை அனுப்பத்தான் போறாங்க. கண்ணை மூடிக்கிட்டுப் பொறுக்குறதை விட இது மேல் இல்லையா? பலவீனமானவங்க ஊர்ல போய் ஓய்வெடுக்கலாம்."

"மருந்துக்குன்னு சொல்லி என்னை எழுத வெச்சீங்க."

"உண்மையைச் சொல்லியிருந்தா எழுதியிருக்க மாட்டீங்க."

அதை அவர் குற்றம்போலச் சொல்லவில்லை. ஒரு காரணமாகத்தான் சொன்னார். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

அலமாரியிலிருந்து இரண்டாவது தாள்கள் பதினொன்றையும் எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்தாள். டாக்டரும் பின்னாலேயே வந்துவிட்டார். துரை கெட்டவர் என்று சொல்ல முடியாது. இந்தப் பதினோரு பேரும் தேறிவிட்டார்கள் என்று அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, தாள்களை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு டாக்டரிடம் இங்கிலீஷில் கேட்டார்.

"இவள் சொல்வது சரியா? இந்தப் பதினோரு பேரும் வேலைக்குத் தகுதியா?"

வினிஃப்ரெட் டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். ஆமாம் என்றால் போதும்.

"இவை ஆயா தனியாக எடுத்தவை" என்றார் டாக்டர். "நான் பக்கத்தில் இல்லை. இதை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது."

அவர் இங்கிலீஷில் பேசினால் அவளுக்குப் புரியும் என்பது அவருக்குத் தெரியும். முதல் தாள்களிலும் முக்கால்வாசி அவள் தனியாக எடுத்தவைதான். அதை அவர் சொல்லவில்லை. அவள் தனக்குத் தெரிந்த பங்களா இங்கிலீஷில், "டாக்டர்தான் என் தாள் அவர் தாளைவிட நல்லா இருக்குன்னு சொன்னார், துரை" என்றாள்.

துரை டாக்டரைப் பார்த்தார். டாக்டர் லேசாகச் சிரித்தார். "உற்சாகப்படுத்தச் சொன்னது, சார்."

துரை தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

லயத்துக்குள் நுழைந்தபோது புஷ்பவள்ளி வாசலில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். வினிஃப்ரெட் எல்லாவற்றையும் சொன்னாள். தான்தான் எழுதினேன் என்பதையும் மறைக்கவில்லை. புஷ்பவள்ளி கட்டுவதை நிறுத்தவில்லை.

"எனக்கு ஊர்ல யாரைத் தெரியும்? அந்த மண்ணு என்ன நிறம்னுகூடத் தெரியாது."

"எனக்குத் தெரியாது, புஷ்பா. சத்தியமா மருந்துக்குன்னுதான்..."

"டாக்டரை நம்பியா நான் வந்தேன்? நீ கையப் பிடிச்சே, அதனால வந்தேன்."

வீரமுத்துவின் பேர் பட்டியலில் இல்லை. மனைவி போகிறாள் என்று அவனும் கிளம்பினான். அவன் தம்பி மணியம் மட்டும் தோட்டத்தில் தங்கினான்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு இரண்டு லாரிகள் வந்தன. வினிஃப்ரெட் பதினோரு பேரிடமும் போய் அவரவர் தாளைக் கையில் கொடுத்தாள். நீங்கள் நன்றாகத்தான் இருக்கிறீர்கள், ஊரில் யாராவது டாக்டர் கேட்டால் காட்டுங்கள் என்றாள். சிலர் வாங்கி மடியில் செருகிக்கொண்டார்கள். ஒருவர் அவள் முன்னாலேயே கிழித்துப்போட்டார். புஷ்பவள்ளி தாளை வாங்கிக் கறுப்பில் ஓடிய வெள்ளைக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இத வெச்சு நான் என்ன பண்றது?"

நாலாக மடித்தாள். காய்ந்த அரக்கு மடிப்பில் நொறுங்கிக் கரி அவள் விரலில் ஒட்டியது. சேலையில் துடைத்துக்கொண்டு லாரியில் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த மாதமே வினிஃப்ரெட் வேலையை விட்டாள். லயத்தில் அவளிடம் யாரும் சண்டைக்கு வரவில்லை. குழாயடிக்கு அவள் வந்தால் பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான். துணிமூட்டையோடு பெக்கான் நானாஸ் என்ற ஊருக்குப் போய், அன்னாசித் தொழிற்சாலையில் பழத்தின் கண் எடுக்கும் வேலையில் சேர்ந்தாள். அன்னாசிச் சாறு விரல் தோலைத் தின்றுவிடும். முதல் வருஷம் இரண்டு கையிலும் துணி சுற்றிக்கொண்டுதான் சோறு உண்டாள்.

1934இல் ஒரு மத்தியானம் தொழிற்சாலை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. டாக்டர் ராஜசேகரன் இறங்கினார். கொஞ்சம் பருத்திருந்தார். அவரைப் பார்த்ததும் வினிஃப்ரெட் கையிலிருந்த கத்தியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று ஒரு கணம் நம்பினாள். அப்படி நம்பியதற்காகப் பிறகு ரொம்ப நாள் தன்மேலேயே கோபப்பட்டாள்.

"எப்படி இருக்கீங்க, வினிஃப்ரெட்? உங்களைக் கண்டுபிடிக்கவே ரெண்டு நாள் ஆச்சு. அந்தப் பதினோரு தாள் உங்ககிட்டதானே இருக்கு?"

புழு நீங்கினால் இதயம் தேறுகிறது என்பதை அவர் ஒரு மருத்துவப் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தார். முதல் தாள்கள் இருக்கின்றன, இரண்டாவது இல்லாமல் எழுத முடியாது என்றார்.

"அது ஆயா எடுத்தது, ஐயா. நம்ப முடியாதுன்னு சொன்னீங்களே?"

"அன்னைக்கு நிலைமை அப்படி. துரை முன்னால வேற என்ன சொல்ல முடியும்? தாள் சரியான தாள்னு எனக்குத் தெரியாதா?"

அப்போதே தெரிந்திருக்கிறது. அவர் உண்மையாகவே சந்தேகப்பட்டிருக்கலாம் என்று மூன்று வருஷமாக அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். அந்த ஒரு சமாதானத்தையும் அவர் வாசலில் நின்றபடியே பறித்துவிட்டார்.

"என்கிட்ட இல்ல. அவங்கவங்க தாளை அவங்கவங்ககிட்ட குடுத்துட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"நாகப்பட்டினத்துக்குப் போய்க் கேளுங்க, ஐயா. பேர் சொல்லிக் கேளுங்க."

அவருக்கு ஒரு பேரும் ஞாபகம் இல்லை என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. கார் திரும்புவதற்குள் அவள் உள்ளே போய்க் கத்தியை எடுத்துக்கொண்டாள்.

மணியத்திடம் விலாசம் வாங்கிப் புஷ்பவள்ளிக்கு அவள் மூன்று கடிதம் போட்டிருந்தாள். அந்த வருஷக் கடைசியில் ஒரு பதில் வந்தது. யாரோ எழுதிக் கொடுத்தது. கீழே கட்டைவிரல் ரேகை. உப்பளத்தில் இரண்டு பேரும் வேலை செய்கிறோம், நான் ஆம்பளைக்குச் சமமாக உப்பு வாருகிறேன், மூச்சு வாங்குவதில்லை, ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று இருந்தது. அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி: "இனி நீ எழுத வேண்டாம்."

வினிஃப்ரெட் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். அதற்குப் பிறகு அவள் எழுதவில்லை.