பஸ்ஸில் நின்ற பாட்டு

காலையில் சின்னசேலத்தில் பஸ் ஏறினேன். காதில் வழக்கம்போல என் ஜப்பான் பாட்டுக்குழுப் பசங்களின் பாட்டு.

பள்ளிக்கூட நாளிலிருந்து கேட்கிறேன். ஒரு வார்த்தை புரியாது. அப்பா இறந்த வருஷம் என்னைத் தூக்கி நிறுத்தியது அந்தப் பாட்டுதான்.

பாதி வழியில் போனில் செய்தி வந்தது. குழுவைக் கலைக்கிறார்களாம். அழுகையை அடக்க முடியவில்லை.

பக்கத்தில் தினமும் கூட வரும் பூக்கார அக்கா. "இன்னாம்மா, யாராச்சும் தவறிட்டாங்களா?"

விளக்கத் தெம்பில்லை. "ஆமாங்க்கா" என்று சொல்லிவிட்டேன்.

அவர் எழுந்து கண்டக்டரிடம் சொன்னார். "அந்தப் பாட்ட நிறுத்துங்க. இந்தப் பொண்ணு வூட்ல துக்கம், அழுதுகினு வருது."

பஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது. கள்ளக்குறிச்சி வரும்வரை யாரும் சத்தமாகப் பேசக்கூட இல்லை. நானும் இயர்போனை மறுபடி மாட்டவில்லை. எப்படி மாட்டுவது?

அப்பாவுக்கே நான் நாலு பேர் பார்க்க அழுததில்லை. அதுதான் இப்போதுவரை உறுத்துகிறது.

இறங்கும்போது அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். "கருமாதி என்னிக்குன்னு சொல்லும்மா. கட்டாயம் வந்துட்றேன்."

நாளைக்கும் அதே பஸ்தான். கடைசிக் கச்சேரி அடுத்த மாதமாம். அந்தத் தேதியைச் சொல்லிவிடட்டுமா?