அமாவாசை அன்று மட்டும்

காலை பதினொன்றே காலுக்குத்தான் பொது அறிவுப் புத்தகம் அலமாரியில் இல்லை என்று தெரிந்தது. எங்கள் நூலகத்தில் அது ஒரே பிரதி. வீட்டுக்குத் தருவதில்லை.

அன்று அமாவாசை. ஆரணியில் தறிக்கு விடுமுறை. நெசவு வேலை செய்கிறவர்கள் நூலகத்துக்கு வருகிற நாள்.

"நான் சொல்லல மேடம்? இன்னிக்கு உஷாரா இருக்கணும்னு." சக ஊழியர் வாசலுக்கு விரைந்தார். யாரையும் கடிந்து பேசாத மனிதர்.

டீ குடிக்கக் கிளம்பிய ஒரு பெண்ணை அவர் நிறுத்தினார். சேவூர்ப் பெண், பட்டுத்தறியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு அரசுத் தேர்வு. அதற்குள் படிக்கக் கிடைத்த ஒரே முழு நாள் இது.

"பொது அறிவு புக்கக் காணோம். பையத் தொறம்மா."

டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், குடை.

"எல்லார் பையும் பாக்கறீங்களா சார்?"

"பேஜார் பண்ணாதம்மா. ரூல்ஸு."

அவள் படியிறங்கிப் போய்விட்டாள். அவள் பேனா மேசையிலேயே கிடந்தது.

புத்தகம் அரை மணியில் கிடைத்தது. தினமும் வரும் ஓய்வூதியக்காரர் அதன்மேல் துண்டை மடித்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். "தலைக்கு ஒசரமா இருந்துச்சுங்க" என்றார். அவர் பக்கம் நாங்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்கவில்லை.

"மத்த நாள்ல நாம யார் பையையாவது திறந்திருக்கோமா?" என்று கேட்டேன். சக ஊழியர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"அமாவாசைல மட்டும்தான் மேடம்." பிறகு மெதுவாக, "யாரு சொல்லி ஆரம்பிச்சோம்?" என்றார். எனக்கும் தெரியவில்லை.

 சென்னையில் வேலை செய்யும் என் மகளுக்கும் அந்தப் பெண்ணின் வயதுதான். போன் செய்தேன். "வேலையா இருக்கேம்மா, என்ன விஷயம்?" என்றாள். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். அவளை எந்த வாசலில் யார் நிறுத்துகிறார்களோ.

வாசலில் ஒரு பெஞ்சு போட்டோம். இனி எல்லா நாளும் எல்லார் பையும் அங்கேதான், யாருடையதையும் திறப்பதில்லை. முதலில் எங்கள் இருவருடையதையும் வைத்தோம். ஓய்வூதியக்காரர் முணுமுணுத்துக்கொண்டே தன் பையை வைத்தார். அதன்பின் வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

மூன்றரைக்குச் சேவூர்ப் பெண் வந்தாள். பெஞ்சைப் பார்த்தாள்.

"இதுல உங்க பை எது மேடம்?"

காட்டினேன்.

"சரி. புக்கு கெடச்சுதா? குடுங்க ஜல்தி, பேசிகினு இருக்க நேரமில்ல."